மூன்று இலட்சம் ஓடிய கெப் வாங்கலாமா?

கடை நடத்தும் ஒருவருக்குக் கெப் வாகனம் என்பது சக்கரம் பூட்டிய இரண்டாவது கடை. புறக்கோட்டையில் இருந்து சாமான் ஏற்றி வருவதும் அதில்தான், தம்புள்ளையில் இருந்து மரக்கறி கொண்டு வருவதும் அதில்தான். மாலையில் பிள்ளைகளை மத்ரஸாவில் இருந்து கூட்டி வருவதும் அதே வாகனம்தான். அது ஒரு நாள் நின்றால் கடையில் அரைவாசி நின்றது போலத்தான்.

அப்படியான வாகனத்தைப் புதிதாக வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கின்றது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் டொலரின் விலை இருநூறு ரூபாவில் இருந்து சில மாதங்களுக்குள் முந்நூற்று அறுபது ரூபா வரை ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது, அந்த டொலர் விலையும் அதன் மேல் வரிகளும் சேர்ந்து புதிய வாகனத்தைச் சிறு வியாபாரியின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து விட்டன. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த வாகனங்களே திரும்பத் திரும்பக் கைமாறி, திரும்பத் திரும்ப ஓடின. ஆகவே இன்று சந்தையில் நமது கைக்கு எட்டும் கெப் என்றால் பெரும்பாலும் இரண்டு, மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடியதாகவே இருக்கும்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. சரியாகப் பராமரிக்கப்பட்ட டீசல் எஞ்சின் மூன்று இலட்சம், நான்கு இலட்சம் கிலோமீற்றர் ஓடுவது புதினமான விடயமல்ல. ஆனால் பராமரிக்கப்படாத எஞ்சின் ஒன்றரை இலட்சத்திலேயே கையை விரித்து விடும். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், பெயின்ற் அடித்து, சீற் கவர் மாற்றி, டயருக்குக் கறுப்பு பூசி. எது எது என்று பிரித்தறிவதில்தான் நமது முதல் தங்கியிருக்கின்றது.

மீற்றர் சொல்வதும் சொல்லாததும்

வாகனம் பார்க்கப் போகும் எவரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். விற்பவருக்கும் இது தெரியும். அதனால்தான் மீற்றர் பின்னால் சுற்றப்படுகின்றது. முன்பு கம்பி விட்டுச் சுற்றினார்கள், இப்போது கணினியைப் பொருத்திச் சில நிமிடங்களில் இலக்கத்தை மாற்றி விடுகிறார்கள். டிஜிட்டல் மீற்றர் என்றால் பொய் சொல்லாது என்று நினைப்பது தவறு.

மீற்றரை நம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்து கொழும்புக்கு ஒரு வழிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வாரம் இரண்டு முறை சாமான் எடுக்கப் போய் வந்தால் வாரத்துக்குச் சுமார் 1,200 கிலோமீற்றர். வருடத்தில் ஐம்பது வாரம் ஓடினால் 60,000. ஐந்து வருடம் அப்படி ஓடிய வாகனம் மூன்று இலட்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். அந்த மாதிரி ஒரு வியாபாரியிடம் இருந்து வந்த கெப்பின் மீற்றர் 1,10,000 என்று காட்டினால், மீதி எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கின்றது.

மீற்றரைத் தவிர வேறு சாட்சிகளும் உண்டு. பிரேக், கிளச் பெடல்களின் றபர் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றதா? ஸ்டியரிங்கின் பிடி பளபளக்கின்றதா? சாரதி ஆசனத்தின் வலது ஓரம் அமுங்கிப் போயிருக்கின்றதா? கதவுப் பிணைச்சல் தளர்ந்து தொங்குகின்றதா? ஒரு இலட்சம் ஓடிய வாகனத்தில் இவை இப்படி இருக்காது. அத்தோடு சேர்விஸ் நிலையத்தின் பில்கள், எஞ்சின் அறையிலோ கதவு ஓரத்திலோ ஒட்டப்பட்ட ஒயில் மாற்றிய ஸ்டிக்கர்கள் ஆகியவற்றில் திகதியும் கிலோமீற்றரும் இருக்கும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் உண்மை தானாக வெளிவரும். ஜப்பானில் இருந்து பாவித்த வாகனமாக வந்ததென்றால் ஏலத்தாளின் பிரதியைக் கேளுங்கள். அதில் அங்கிருந்த கிலோமீற்றரும் வாகனத்தின் தரமும் எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எல்லாக் கிலோமீற்றரும் ஒன்றல்ல. நீண்ட தூரம் ஒரே சீரான வேகத்தில் ஓடிய எஞ்சின் குறைவாகவே தேயும். காலையில் குளிரக் குளிர எழுப்பி, அரைக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, மீண்டும் எழுப்பி, புறக்கோட்டை நெரிசலில் மணிக்கணக்காக நின்ற இடத்திலேயே உறுமிய எஞ்சின்தான் அதிகம் தேயும். அந்த நேரங்களில் மீற்றர் அசையாது, எஞ்சின் மட்டும் உழைத்துக் கொண்டிருக்கும். எனவே 'எவ்வளவு ஓடியது' என்பதை விட 'யார் ஓட்டினார், எங்கே ஓடியது, எதை ஏற்றியது' என்ற கேள்விகளே பெறுமதியானவை.

எந்த எஞ்சினில் எந்தக் குறை

நமது நாட்டுச் சந்தையில் கிடைக்கும் கெப்களை எஞ்சினை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பழைய முறையில் மெக்கானிக்கல் பம்ப் கொண்டவை. டொயோட்டாவின் 2எல், 3எல், 5எல் எஞ்சின்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. வேகம் குறைவு, இழுவை சுமார், ஆனால் கிராமத்துக் கராஜிலும் திருத்தலாம். இரண்டாவது, கொமன் ரெயில் எனப்படும் கணினிக் கட்டுப்பாட்டு எஞ்சின்கள். சக்தியும் சிக்கனமும் கூடியவை, ஆனால் டீசலின் சுத்தத்துக்கும் பராமரிப்புக்கும் மிகவும் கூச்சமுள்ளவை. இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் கணிசமான காசு.

ஹைலக்ஸ் விகோ என்று நாம் அழைக்கும் தலைமுறையில் வந்த 3 லீற்றர் 1கேடி எஞ்சினைப் பலரும் தேடி வாங்குவார்கள். நல்ல எஞ்சின்தான். ஆனால் அதற்கு உலகம் முழுவதும் தெரிந்த ஒரு பலவீனம் உண்டு. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் காலப்போக்கில் கசியத் தொடங்கும். எரிந்த வாயு அந்த வழியாக ஒயிலுக்குள் கலந்து கரி உண்டாகும். அந்தக் கரி எஞ்சினின் அடியில் இருக்கும் ஒயில் உறிஞ்சும் வலையை மெல்ல மெல்ல அடைக்கும். ஒரு நாள் ஒயில் அழுத்தம் விழுந்து, பெயாரிங் பிடித்து, எஞ்சின் முழுவதும் போய்விடும். ஒரு சிறிய வாஷரில் தொடங்கிய கதை இது. இன்ஜெக்டர் பழுதாகி டீசலை அளவுக்கு மேல் தெளித்தால் பிஸ்டன் வெடிப்பதும் இதே எஞ்சினில் நடந்திருக்கின்றது. எனவே விகோ வாங்கும்போது "இன்ஜெக்டர் வாஷர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஒயில் சம்ப் கழற்றி வலை பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழப் போகின்றது, விலையில் அதைக் கழியுங்கள்.

மிட்சுபிஷி எல்200 இல் வந்த 4டி56 எஞ்சினில் இரண்டு பெல்ட்கள் உண்டு. ஒன்று டைமிங் பெல்ட், மற்றது பெலன்ஸ் ஷாஃப்ட்டை ஓட்டும் சின்ன பெல்ட். காசை மிச்சம் பிடிப்பதற்காகப் பெரியதை மட்டும் மாற்றிச் சின்னதை விட்டு விடுபவர்கள் இருக்கிறார்கள். சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் இரண்டும் போய்விடும். இந்த எஞ்சினின் பழைய வகைகளில் சூடேறி ஹெட் வெடித்த சம்பவங்களும் பிரசித்தம்.

நிசான் நவாரா டி40 இல் வந்த வைடி25 எஞ்சினில் பெல்ட் இல்லை, செயின். செயின் என்றால் ஆயுள் முழுவதும் கவலையில்லை என்று சொல்லி விற்பார்கள். ஆனால் அந்தத் தலைமுறையின் ஆரம்பகால எஞ்சின்களில் செயின் தேய்ந்து நீளுவது தெரிந்த குறை. எழுப்பியவுடன் முன்பக்கத்தில் இருந்து சங்கிலி உரசும் சத்தம் வந்தால் கவனம். இசுசு டி-மெக்ஸின் 3 லீற்றர் 4ஜேஜே1 எஞ்சின் பாரம் இழுப்பதற்குப் பெயர் பெற்றது. அதிலும் இன்ஜெக்டரும், ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்.சி.வி. வால்வும் பார்க்கப்பட வேண்டியவை. அந்த வால்வு பழுதானால் ஐட்லிங்கில் எஞ்சின் ஏறி இறங்கும், சில வேளை ஓடும்போதே நின்று விடும்.

2015 க்குப் பின்னர் வந்த புதிய தலைமுறையில் புகையை வடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி பல வாகனங்களில் உண்டு. இது கந்தகம் குறைந்த டீசலையும், அவ்வப்போது நீண்ட தூர ஓட்டத்தையும் எதிர்பார்க்கும். ஊருக்குள் மட்டும் ஓடும் வாகனத்தில் அது கரியால் அடைபடும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட சில வாகனங்களுக்கு அட்புளூ எனும் யூரியாத் திரவமும் வேண்டும். வாங்கும் முன் அது ஊரில் கிடைக்கின்றதா, என்ன விலை என்று விசாரியுங்கள். முந்தைய உரிமையாளர் அந்த வடிகட்டியை வெட்டி எறிந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

டைமிங் பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. வாகனத்துக்கு ஏற்ப ஒரு இலட்சம் முதல் ஒன்றரை இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை அது மாற்றப்பட வேண்டும். ஓடும்போது அறுந்தால் டீசல் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதும், பெரும்பாலும் ஹெட் கழற்றியே ஆக வேண்டும். பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக் கொள்ளுங்கள். வாங்கிய முதல் வாரத்தில் நீங்களே மாற்றி விடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினோடு ஆரம்பியுங்கள்

வாகனம் பார்க்கக் காலையிலேயே போங்கள். "நாங்கள் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனவுடன் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைப்பதற்காக முன்கூட்டியே எழுப்பியிருக்கலாம். அன்று திரும்பி வந்து இன்னொரு நாள் போவது நல்லது.

எஞ்சின் அறை பளிச்சென்று கழுவப்பட்டிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். தூசியோடு இருக்கும் எஞ்சின் எங்கே ஒயில் கசிகின்றது என்று சொல்லிவிடும், கழுவிய எஞ்சின் வாய் திறக்காது.

குளிர்ந்த நிலையில் எழுப்பும்போது எத்தனை சுற்றில் பற்றுகின்றது என்று பாருங்கள். முதல் சில விநாடிகள் இலேசான வெள்ளைப் புகை வருவது குற்றமில்லை. அது நிற்காமல் தொடர்ந்து, டீசல் வாடை வீசினால் கம்பிரஷன் குறைவு அல்லது இன்ஜெக்டர் பழுது. வெள்ளைப் புகையில் இனிப்பான வாடை இருந்தால் கூலன்ட் உள்ளே எரிகின்றது என்று பொருள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகின்றது, ரிங், வால்வு சீல் அல்லது டர்போ. கறுப்புப் புகை என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு. சில வேளை எயார் ஃபில்டர் மாற்றினாலே தீர்ந்துவிடும், சில வேளை இன்ஜெக்டர், டர்போ வரை போகும்.

எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி இலேசாக ஆடுவது இயல்பு. துள்ளிக் கீழே விழுந்தால், அல்லது பீடி இழுத்து ஊதியது போலப் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிவாயு கீழே இறங்குகின்றது. அந்த எஞ்சினுக்கு ஓவர்ஹோல் கிட்டத்தில் இருக்கின்றது. இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை, ஆனால் இலட்சக் கணக்கைக் காப்பாற்றும்.

தண்ணீரும் ஒயிலும்

டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பாக இருப்பது குறையல்ல, மாற்றிச் சில நாட்களிலேயே கறுக்கும். ஆனால் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது, விட்டு விடுங்கள். ஒயில் அளவு குறிக்கு மேலே ஏறி, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ பம்போ டீசலை உள்ளே விடுகின்றது. ஒயில் வழமைக்கு மாறாகத் தடிப்பாக, தேன் போல இருந்தாலும் சந்தேகப்படுங்கள். புகையையும் சத்தத்தையும் சில நாட்களுக்கு அடக்கி வைப்பதற்காகத் தடித்த ஒயிலும் கலவையும் ஊற்றுவது பழைய தந்திரம்.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறவுங்கள். உள்ளே செம்மண் நிறத் தண்ணீர் இருந்தால், வருடக் கணக்காகக் கூலன்ட் ஊற்றாமல் கிணற்றுத் தண்ணீரிலேயே ஓடியிருக்கின்றது. கரையோர ஊர்களில் கிணற்று நீரில் உப்பு உண்டு. அது அலுமினிய ஹெட்டை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. குளிர்ந்த எஞ்சினை எழுப்பி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லுப் போல இறுகினாலும் அதே சந்தேகம்தான்.

டீசலையும் மறக்கக் கூடாது. நம் நாட்டில் மண்ணெண்ணெய் டீசலை விடப் பல மடங்கு மலிவாக இருந்த காலம் ஒன்று இருந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை அந்த இடைவெளி நீடித்தது. எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்ற அந்த வருடத்தில் கலப்படம் செய்த டீசல் எத்தனை வாகனங்களில் ஊற்றப்பட்டதோ! மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை. டீசல் பம்பின் உள் உறுப்புகளுக்கு உயவு கொடுப்பது அந்த டீசலேதான், வேறு ஒயில் இல்லை. எனவே கலப்படத்தில் ஓடிய வாகனத்தின் பம்பும் இன்ஜெக்டரும் உள்ளே தேய்ந்திருக்கும். அந்தக் காலத்தில் ஓடிய வாகனத்தை வாங்குபவர் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். நான்கு இன்ஜெக்டரில் இருந்து திரும்பி வரும் டீசலை நான்கு போத்தலில் பிடித்து ஒப்பிடும் சாதாரண வேலைதான் அது. ஒரு போத்தல் மட்டும் வேகமாக நிரம்பினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

வாகனச் சேல் வாசலில் இருந்து சந்தி வரை போய்த் திரும்புவது ஓட்டிப் பார்த்ததாகாது. வெறும் கெப் எந்த எஞ்சினிலும் ஓடும். நீங்கள் வாங்குவது அரிசி மூடை ஏற்றுவதற்கு. ஆகவே விற்பவரின் சம்மதத்தோடு ஐந்தாறு ஆட்களையாவது, முடிந்தால் சில மூடைகளையாவது ஏற்றிக் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். மலையகப் பக்கத்தவர்களுக்கு இது இலேசு, கடுகண்ணாவை ஏற்றத்தில் விட்டால் அந்த ஏற்றமே எஞ்சினைப் பரீட்சித்துவிடும். சமதரை ஊரில் இருப்பவர் நாலாவது கியரில் மெதுவாகப் போய், கியரை மாற்றாமல் மிதித்து இழுவையைப் பார்க்கலாம்.

வெப்பமானி நடுவில் நின்று அசையாமல் இருக்க வேண்டும். ஏற்றத்தில் மேலே போய் இறக்கத்தில் கீழே வந்தால் ரேடியேட்டரோ, வோட்டர் பம்போ, ஹெட்டோ சரியில்லை. டர்போ ஏறும்போது மெல்லிய விசில் கேட்பது சாதாரணம். சைரன் போல அலறினால் அதன் ஷாஃப்ட் ஆடுகின்றது. டர்போவில் இருந்து போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். இலேசான ஒயில் ஈரம் பரவாயில்லை, தேங்கி நின்றால் பழுது.

ஓட்டி வந்த பின் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் எழுப்புங்கள். குளிரில் உடனே எழும்பிய எஞ்சின் சூட்டில் எழும்ப மறுத்தால் டீசல் பம்ப் அல்லது இன்ஜெக்டர் தேய்ந்திருக்கின்றது. இது பலர் செய்யாத சோதனை. இந்தக் குறையுள்ள வாகனத்தை வைத்துக் கொண்டு, வழியில் தேநீர் குடிக்கக் கூட எஞ்சினை நிறுத்தப் பயந்து திரியும் வியாபாரிகளை எமக்குத் தெரியும்.

கடைசியாக, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கம்பிரஷன் பார்ப்பதும், கொமன் ரெயில் என்றால் ஸ்கேனர் போடுவதும் கட்டாயம். நான்கு சிலிண்டரும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குள், ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லையென்று வந்தால், ஓட்டிய பின் இன்னொரு முறை போடுங்கள். காலையில் அழித்த பிழை மாலையில் திரும்பி வரும். விற்பவரே கூட்டி வரும் மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் மெக்கானிக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபா இந்தப் பேரத்தில் நீங்கள் செய்யும் மிக மலிவான செலவு.

புத்தகமும் இலக்கமும்

எஞ்சின் நன்றாக இருந்தும் புத்தகத்தால் மாட்டிக் கொண்டவர்கள் உண்டு. எஞ்சினில் வெட்டப்பட்ட இலக்கமும், செசி இலக்கமும், பதிவுச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கெப்களில் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஜப்பான் எஞ்சின் பூட்டியிருப்பது சர்வசாதாரணம். அது பிழையல்ல, நல்ல எஞ்சினாகக் கூட இருக்கலாம். ஆனால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாமல் விட்டால் பெயர் மாற்றும்போதும், லீசிங் எடுக்கும்போதும், விபத்தில் காப்புறுதி கேட்கும்போதும் தலைவலி உங்களுக்குத்தான். 'ஓபன் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுத் தாளோடு நான்கு கை மாறிய வாகனத்தில் இந்தத் தலைவலி இரட்டிப்பு.

மீன் ஏற்றிய கெப் என்றால் கட்டாயம் அடியில் படுத்துப் பாருங்கள். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் செசியைத் தின்றிருக்கும். எஞ்சினைத் திருத்தலாம், உக்கிய செசிக்கு மருந்தில்லை.

கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கள்

இப்போது நமக்குப் பழக்கமான இடத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு இரண்டு கெப் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று 3,10,000 ஓடியது, பில்கள் எல்லாம் உண்டு, பெல்ட்டும் இன்ஜெக்டரும் பார்க்கப்பட்டது, விலை 62 இலட்சம். மற்றது மீற்றரில் 1,40,000, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, விலை 70 இலட்சம். பெரும்பாலானோர் இரண்டாவதையே வாங்குவார்கள். எட்டு இலட்சம் கூடக் கொடுத்து அவர்கள் வாங்குவது ஓர் இலக்கத்தைத்தான்.

முதலாவதை வாங்குபவர் அந்த எட்டு இலட்சத்தைக் கையில் வைத்திருக்கிறார். அதில் ஒரு பகுதியில் டயர், சஸ்பென்ஷன், கூலன்ட், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் புதிதாக்கினாலும் மீதி இருக்கும். இரண்டாவதை வாங்கியவருக்கு மூன்றாம் மாதம் இன்ஜெக்டர் போனால் அதற்கு வேறு காசு தேட வேண்டும்.

எஞ்சின் போவதன் செலவைக் கராஜ் பில்லை வைத்து மட்டும் கணக்கிடாதீர்கள். ஓவர்ஹோலுக்கு வாகனம் கழற்றிப் போட்டால் சாமான் வந்து சேர, லேத் வேலை முடிய இரண்டு மூன்று வாரம் சாதாரணமாகப் போகும். அந்த நாட்களுக்கு வாடகை லொறி வேண்டும். நேரத்துக்குச் சரக்குப் போகாததால் வேறு கடைக்கு மாறிய வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்பது நிச்சயமில்லை. தக்காளியும் மீனும் ஏற்றிய வாகனம் நடுவழியில் நின்றால் சரக்கும் போச்சு. லீசிங் ஆகட்டும், இஜாரா ஆகட்டும், மாதத் தவணை உங்கள் எஞ்சினுக்காகக் காத்திருக்காது. வாகனக் காப்புறுதி விபத்துக்குத்தான் கொடுக்கும், தேய்மானத்தால் போன எஞ்சினுக்கு ஒரு சதமும் வராது.

ஆகவே எமது ஆலோசனை இதுதான். கையில் உள்ள முழுக் காசையும் வாகனத்தின் விலையாகக் கொடுத்து விடாதீர்கள். 70 இலட்சம் இருந்தால் 62, 63 இலட்சத்துக்குள் வாகனத்தைத் தேடுங்கள். மீதியில் கை வைக்காமல் 'எஞ்சின் கணக்கு' என்று தனியாக வையுங்கள். பழைய வாகனம் வாங்குபவருக்கு இந்த ஒதுக்கீடு செலவல்ல, விலையின் ஒரு பகுதி. அதன் பின் ஓடும் ஒவ்வொரு ஆயிரம் கிலோமீற்றருக்கும் ஒரு தொகையை அந்தக் கணக்கில் போட்டு வந்தால், ஒரு நாள் எஞ்சின் கேட்கும்போது கொடுக்கக் காசு இருக்கும், கடன் தேட வேண்டியதில்லை.

வாங்கிய முதல் வாரத்திலேயே எஞ்சின் ஒயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பில் இல்லாத பட்சத்தில் டைமிங் பெல்ட் ஆகியவற்றை மாற்றுங்கள். ஒரு கொப்பி வாங்கித் திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, கொடுத்த காசு என்று எழுதத் தொடங்குங்கள். கடையில் கடன் கொப்பி எழுதும் கைக்கு இது பாரமில்லை. எப்போதாவது நீங்கள் அந்த வாகனத்தை விற்கும்போது அந்தக் கொப்பியே உங்களுக்கு நல்ல விலை வாங்கித் தரும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

"ஹாஜியார், எஞ்சின்ல ஒரு நட்டும் கழட்டல்ல, அப்படியே கம்பனிப் பூட்டு" என்று சொல்லி விற்பது சுலபம். மூன்று இலட்சம் ஓடிய எஞ்சினில் ஒரு நட்டும் கழற்றவில்லை என்பது பெருமையல்ல, பார்க்க வேண்டிய வேலை எதையும் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். குறையை மறைத்து விற்பது கூடாது என்று நம் எல்லோருக்கும் சிறு வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். கடையில் அழுகிய வெங்காயத்தை மூடைக்கு அடியில் வைத்துக் கட்ட மனம் வராத வியாபாரி, வாகனம் விற்கும்போது மட்டும் மீற்றரைச் சுற்றுவது எந்த நியாயம்? இன்ஜெக்டர் ஒன்று பலவீனம், பெல்ட் மாற்றும் காலம் வந்து விட்டது என்று சொல்லி, அதற்கேற்ற விலையைக் கேட்பதால் நட்டம் சில ஆயிரம்தான். சொல்லாமல் விற்றால் போவது ஊரில் உள்ள பெயர்.

வாங்குபவருக்குக் கடைசியாக ஒன்று. அவசரப்படுத்தும் வியாபாரத்தில் கையை நீட்டாதீர்கள். "பின்னேரம் இன்னொருவர் காசோடு வருகிறார்" என்று சொன்னால், வரட்டும். குளிர்ந்த எஞ்சினையும், பாரம் ஏற்றிய ஓட்டத்தையும், உங்கள் மெக்கானிக்கையும் மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய வாகனம் எதுவுமில்லை. இன்னும் இரண்டு கிழமை தேடினால் இரண்டு கிழமை வாடகை லொறிக் கூலிதான் செலவு. தவறான எஞ்சினை வாங்கினால் கடையின் முதலே அதற்குள் போய்விடும்.